கூகுள் கணக்கிலிருந்து சொந்த சர்வர் வரை: எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது

பெரிய நிறுவனங்களின் சேவைகளை விட்டு வெளியே வரலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதல் வேலையாக ஒரு சர்வர் (எப்போதும் ஓடிக்கொண்டிருந்து மற்ற சாதனங்களுக்குச் சேவை தரும் கணினி) வாங்கிவிடுகிறார்கள். அதில் ஏழெட்டு மென்பொருளை ஒரே மூச்சில் நிறுவி, போட்டோ, மெயில், காலண்டர் எல்லாவற்றையும் அதில் கொட்டி, ஒரு நாள் ஏதோ ஒரு அப்டேட்டில் அது படுத்துக்கொண்டதும், இது நமக்கு ஒத்துவராது என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் நல்லவைதான், வரிசைதான் தப்பாகிவிடுகிறது. சர்வர் என்பது இந்த வேலையின் நடுவில் வர வேண்டியது. அதற்கு முந்தைய படிகளுக்கு சர்வரே தேவையில்லை, அவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் பாதிக்கு மேல் பலன் கிடைத்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியை மேலிருந்து கீழாக, அதே வரிசையில் செய்யுங்கள்.

எதற்கு இவ்வளவு சிரமம் என்று வீட்டில் கேட்பார்கள், அதற்குப் பதில் வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரம், கண்காணிப்பு இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-உடன் முடிந்தது, அதற்குப் பின் ஏற்றிய படங்கள் எல்லாம் 15 ஜிபி கணக்கில் சேர்ந்துவிட்டன. இவற்றையாவது முன்கூட்டியே சொன்னார்கள். 2022-இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள்: உடம்பு சரியில்லாத தன் குழந்தையின் படத்தை டாக்டருக்காக எடுத்த ஒரு தந்தையின் கணக்கைத் தானியங்கி முறை தவறாக அடையாளம் கண்டு முடக்கிவிட்டது. போலீஸ் விசாரித்து அவர் மேல் தவறில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், போட்டோ, தொடர்பு எண்கள், போன் இணைப்பு வரை எல்லாமே ஒரே கணக்கில் தொங்கிக்கொண்டிருந்ததால் அத்தனையும் ஒன்றாகப் போயின.

ஆகவே இந்த வேலைக்கு ஒரே அளவுகோல் போதும். நாளைக் காலையில் இந்தக் கணக்கு திறக்கவில்லை என்றால் நான் எதை இழப்பேன்? எது திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் காப்பாற்றுங்கள்.

முதல் படி: கணக்கெடுப்பு

ஒரு தாளில் எழுதுங்கள், கணினியில் வேண்டாம் என்றில்லை, தாள் கொஞ்சம் நிதானத்தைத் தரும். எந்தெந்தச் சேவை, அதில் என்ன இருக்கிறது, அது போனால் என்ன ஆகும். இதில் பலர் மறந்துவிடுவது "கூகுள் மூலம் நுழை", "ஆப்பிள் மூலம் நுழை" என்ற பொத்தானை அழுத்தித் திறந்த கணக்குகளை. உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இப்படி இணைக்கப்பட்ட தளங்களின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் பத்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை பயன்படுத்திய தளம் கூட அங்கே உட்கார்ந்திருக்கும். வேண்டாதவற்றை நீக்குங்கள். வேண்டியவற்றில் போய் தனி பாஸ்வேர்ட் வைத்து நுழையும்படி மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதை முடிக்காமல் போனால் பிற்பாடு எதை மாற்றினாலும் கயிறு அங்கேயே கட்டியிருக்கும்.

இரண்டாவது படி: உங்கள் தரவை இறக்குங்கள்

எங்கே போகப்போகிறோம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் ஒரு நகல் கையில் இருக்கட்டும். கூகுளில் இதற்கு டேக்அவுட் என்ற வசதி 2011 முதல் இருக்கிறது. ஆப்பிளிலும் தனியுரிமைப் பக்கத்தில் இதே மாதிரி நகல் கேட்கலாம். டேக்அவுட்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். மெயில் தனியாக, போட்டோ தனியாக, மற்றவை தனியாகக் கேட்டால் ஏதாவது ஒன்று பாதியில் நின்றாலும் மற்றது தப்பிக்கும். கோப்பின் அளவு இயல்பாக 2 ஜிபி என்று இருக்கும், அதை 50 ஜிபி வரை உயர்த்தலாம், இல்லையென்றால் நூறு துண்டுகளாக வந்து இறக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இறக்கும் இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால், டிஸ்கில் இடம் இருக்கும்போது மட்டும் கேளுங்கள்.

மெயில்கள் எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் வரும், தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் அதற்கான நீட்சி (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) ஒன்றைச் சேர்த்துத் திறக்கலாம். போட்டோக்களோடு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறிய ஜேசன் கோப்பும் வரும். தேவையில்லாத குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள். படம் எடுத்த தேதி, இடம், நீங்கள் எழுதிய குறிப்பு, கூகுளில் நீங்கள் திருத்திய தேதி எல்லாம் அதில் இருக்கிறது. ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது படி: பாஸ்வேர்ட்கள்

பிரவுசருக்குள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்ட்களை வெளியே எடுங்கள். இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று கீபாஸ்எக்ஸ்சி: எல்லாம் ஒரே கோப்பில், உங்கள் கணினியிலேயே, இணையமே வேண்டாம். ஆண்ட்ராய்டில் அதே கோப்பை கீபாஸ்டிஎக்ஸ் திறக்கும். இன்னொன்று பிட்வார்டன்: எல்லாச் சாதனங்களிலும் தானாக ஒத்திசையும். பிட்வார்டனின் ஆப்களோடு வேலை செய்யும் வால்ட்வார்டன் என்ற சிறிய சர்வர் மென்பொருளைச் சொந்தமாக ஓட்டலாம். அதற்கு இப்போது அவசரமில்லை, முதலில் பிட்வார்டனின் இலவசக் கணக்கிலேயே தொடங்குங்கள். சர்வர் நடத்தக் கற்றுக்கொள்ளும் நாட்களில், அந்த சர்வருக்கான பாஸ்வேர்டே அந்த சர்வருக்குள் மாட்டிக்கொள்ளும் நிலை வரக் கூடாது.

மாஸ்டர் பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்கள். பாஸ்வேர்ட்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்ட் பெட்டகங்களின் நகல்களே திருடுபோனதை 2022 டிசம்பரில் அவர்களே அறிவித்தார்கள். பெட்டகம் திருடன் கையில் இருக்கும்போது, அதைத் திறக்க எத்தனை வருடம் ஆகும் என்பதைத் தீர்மானிப்பது பெருமளவு உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம்தான். அப்புறம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்களுக்கு ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் நல்ல ஆப். கூகுள் ஆதென்டிகேட்டர் காட்டும் ஏற்றுமதி கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஏஜிஸுக்கு மாற்றிவிடலாம்.

நான்காவது படி: சொந்த டொமைன், அதில் மெயில்

இந்த முழு வழிகாட்டியிலும் ஒரே ஒன்றைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், நான் கை காட்டுவது இந்தப் படியைத்தான். உங்கள் மெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும் வரை, நீங்கள் அங்கே குடியிருப்பவர். உங்கள் சொந்த டொமைன் (அட் குறிக்குப் பின்னால் வர நீங்களே பதிவு செய்துகொள்ளும் இணையப் பெயர்) இருந்துவிட்டால், பின்னால் மெயிலை நடத்துகிற நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முகவரி மாறவே மாறாது.

டொமைன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: படிக்கவும் போனில் சொல்லவும் எளிதான பெயர், முடிந்தால் சில வருடங்களுக்குச் சேர்த்துப் பணம் கட்டுவது, தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குவது, டொமைன் வாங்கிய கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. அந்தக் கணக்கின் தொடர்பு மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அதைச் சரிசெய்யச் சொல்லும் மெயிலும் உங்களுக்கு வந்து சேராது. காலாவதியாக விட்டுவிட்டால் இன்னொருவர் அதை வாங்கி, உங்கள் பெயருக்கு வரும் மெயில்களைப் படித்து, நீங்கள் வைத்திருக்கும் கணக்குகளின் பாஸ்வேர்ட்களை மாற்றிவிட முடியும். அதனால் இந்த ஒரு தேதியை மட்டும் மறக்கவே கூடாது.

சரி, மெயில் சர்வரை வீட்டிலேயே ஓட்டலாமா? வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. மென்பொருள் கிடைக்கும், மெயில்கூ, மெயில்-இன்-எ-பாக்ஸ் என்று நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. சிக்கல் அதற்கு வெளியே இருக்கிறது. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் மெயில் அனுப்பும் 25-ஆம் போர்ட் (இணைப்புகள் போய்வரும் எண்ணிட்ட வாசல்) அடைக்கப்பட்டிருக்கும். வாடகை சர்வரில் போனால் உங்களுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருக்கலாம். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் சரியாக அமைத்தாலும், மறுபக்கத்தில் இருக்கும் பெரிய நிறுவனம் உங்கள் மெயிலை ஸ்பேம் பெட்டிக்குள் போட்டுவிட்டால் முறையிட ஆள் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இன்னும் இறுக்கிவிட்டன. வேலைக்கான விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்பது வாரக்கணக்கில் தெரியாமலே இருக்கும், அந்த அபாயத்தை ஏற்கும் அளவுக்கு இதில் பலன் இல்லை.

அதற்குப் பதில் பணம் வாங்கிக்கொண்டு மெயில் நடத்தும் நிறுவனத்தில் உங்கள் டொமைனை இணையுங்கள். புரோட்டான், டூட்டா, மெயில்பாக்ஸ்.ஆர்க், ஃபாஸ்ட்மெயில், மிகாடு என்று பல இருக்கின்றன. ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து தேர்ந்தெடுங்கள்: புரோட்டானிலும் டூட்டாவிலும் மெயில்கள் அவர்களே படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து வைக்கப்படுகின்றன, அதன் விலையாக ஐமேப் (எந்த மெயில் ஆப்பிலும் மெயிலைத் திறக்க உதவும் பொது முறை) நேரடியாக வேலை செய்யாது. புரோட்டானில் தண்டர்பேர்ட் வேண்டுமென்றால் பிரிட்ஜ் என்ற தனி மென்பொருளை ஓட்ட வேண்டும், டூட்டாவில் அவர்களுடைய ஆப்தான். மற்ற மூன்றிலும் ஐமேப் இருப்பதால் மொத்த மெயிலையும் எந்த நேரத்திலும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். நான் பரிந்துரைப்பது ஐமேப் உள்ளதை. வெளியேறும் கதவு திறந்திருப்பது எனக்கு முக்கியம்.

பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஃபார்வர்ட் வைத்துவிட்டு, வங்கி, அரசு, மருத்துவம் சார்ந்த இடங்களில் முதலில் முகவரியை மாற்றுங்கள். மற்றவை ஒவ்வொன்றாக, பழைய முகவரிக்கு எந்தத் தளத்திடமிருந்து மெயில் வருகிறதோ அன்றைக்கு அதை மாற்றினால் போதும். சில மாதங்கள் ஆகும். ஒவ்வொரு தளத்துக்கும் தனி முகவரி கொடுக்கும் வழக்கத்தையும் இப்போதே தொடங்கிவிடலாம், சொந்த டொமைனில் அது எளிது, யார் உங்கள் முகவரியைக் கசியவிட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

ஐந்தாவது படி: ஒரு மாலையில் முடிகிற மாற்றங்கள்

பிரவுசருக்கு ஃபயர்பாக்ஸ், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றிவிட்டதால் யூபிளாக்கின் முழு வடிவம் இப்போது அங்கே ஓடுவதில்லை. ஆவணங்களுக்கு லிப்ரேஆபிஸ். குறிப்புகளுக்கு ஜாப்லின். வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட், இணையம் இல்லாமலே வழி காட்டும், ஆனால் போக்குவரத்து நெரிசலைச் சொல்லாது. யூடியூபுக்கு மாற்று இல்லை, அதில் உள்ள காணொளிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய பதிவுகளைத் தானாகத் தரும் பட்டியல்) உண்டு, கணக்கில் நுழையாமலே ஒரு ரீடரில் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆறாவது படி: இப்போது சர்வர்

பழைய லேப்டாப் அல்லது அலுவலகங்கள் கழித்துவிட்ட மினி பிசி போதும். ராஸ்பெர்ரி பை நல்ல சாதனம்தான், ஆனால் மெமரி கார்டில் டேட்டாபேஸ் ஓட்டினால் கார்டு சீக்கிரம் தேய்ந்து போகும், எஸ்எஸ்டி இணைத்தால் மட்டுமே அதை யோசியுங்கள். 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. இன்டெல் என்100 மாதிரியான சிப் 6 வாட் வகையைச் சேர்ந்தது, நாள் முழுக்க ஓடினாலும் மின்கட்டணம் பயமுறுத்தாது.

இயங்குதளம் டெபியன் என்ற லினக்ஸ் வகை. புதுமையாக எதுவும் இருக்காது, அதுதான் வேண்டும். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக நிறுவப்படும்படி வைத்துவிடுங்கள். அதன் மேல் டாக்கர் கம்போஸ் (ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி): ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கோப்புறை, அதில் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு. அந்தக் கோப்புகளும் தரவுக் கோப்புறைகளும் இருந்தால் இன்னொரு கணினியில் அதே சர்வரை எழுப்பிவிடலாம். மென்பொருளின் பதிப்பு எண்ணை அந்தக் கோப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். "கடைசியாக வந்தது எதுவோ அது" என்று விட்டுவிட்டால், நீங்கள் தயாராக இல்லாத ஒரு நாளில் டேட்டாபேஸ் வடிவம் மாறிவிடும்.

வெளியிலிருந்து எப்படி அணுகுவது என்பதில்தான் பலர் அவசரப்பட்டு ரவுட்டரில் போர்ட்களைத் திறக்கிறார்கள். திறக்காதீர்கள். திறந்த சில நிமிடங்களிலேயே உலகம் முழுவதிலிருந்தும் தானியங்கி நிரல்கள் வந்து கதவைத் தட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பதில் வயர்கார்டு விபிஎன் (உங்கள் சாதனங்களுக்கு மட்டுமான என்கிரிப்ட் செய்த வழி) வையுங்கள். 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது, சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது, அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. இதற்காக மட்டும் ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, அப்படிப்பட்ட இணைப்பில் போர்ட் திறக்கவே முடியாது. அங்கே டெயில்ஸ்கேல் கைகொடுக்கும், உள்ளே இருப்பது வயர்கார்டேதான். ஒன்றைக் கவனியுங்கள், டெயில்ஸ்கேலில் கூகுள் கணக்கைக் கொண்டே நுழைந்தால், அந்தக் கணக்கு முடங்கும் நாளில் உங்கள் வீட்டு சர்வரின் வழியும் அடைபடும். வேறு நுழைவு முறையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது உங்கள் சாதனங்களை ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும் அதன் ஒருங்கிணைப்பு சர்வருக்குக் கட்டற்ற மாற்றான ஹெட்ஸ்கேலை ஒரு சிறிய வாடகை சர்வரில் ஓட்டுங்கள்.

ஏழாவது படி: பேக்கப், தரவு வருவதற்கு முன்பே

இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். பெரிய நிறுவனத்தில் உங்கள் படம் பல டிஸ்க்குகளில், பல கட்டடங்களில் நகலாகி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பேக்கப் இல்லாமல் சொந்தமாக நடத்துவதைவிட கூகுளிலேயே விட்டுவைப்பது பாதுகாப்பானது, இதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

பழைய விதிதான்: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறொரு இடத்தில். இரண்டு டிஸ்க்குகளை ரெய்டில் (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறை) இணைப்பது பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும், நீங்களே தவறி அழித்ததை இரண்டிலும் சேர்த்தே அழித்துவிடும். சாதனங்களுக்கு இடையில் கோப்புகளை ஒன்றுபோல் வைக்கும் சிங்திங் போன்ற ஒத்திசைவும் அப்படித்தான்.

ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருளை நிறுவுங்கள். இரண்டும் மாறிய பகுதிகளை மட்டும் எடுத்து, என்கிரிப்ட் செய்து, தேதிவாரியாக வைத்துக்கொள்ளும். ஒரு நகல் வீட்டில் வெளி டிஸ்குக்கு, ஒன்று வெளியே வாடகைச் சேமிப்பிடத்துக்கு அல்லது நம்பகமான நண்பர் வீட்டில் இருக்கும் டிஸ்குக்கு. என்கிரிப்ட் ஆகிப் போவதால் அங்கே யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்தச் சாவியை மட்டும் சர்வரிலேயே வைக்காதீர்கள், சர்வர் எரிந்துபோனால் பேக்கப்பும் திறக்காது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது பாதி எழுதிய நிலையில் சிக்கலாம், அதனால் முதலில் டேட்டாபேஸை டம்ப் (முழுமையான ஏற்றுமதி நகல்) எடுத்து அந்த டம்ப்பை பேக்கப்பில் சேருங்கள்.

அப்புறம் மீட்டுப் பாருங்கள். வேறொரு கணினியில், சர்வர் இல்லை என்று வைத்துக்கொண்டு, பேக்கப்பை மட்டும் வைத்து ஒரு ஆல்பத்தையும் ஒரு டேட்டாபேஸையும் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? முடிந்த பிறகுதான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம். சில மாதங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

எட்டாவது படி: போட்டோ, கோப்பு, காலண்டர்

போட்டோவுக்கு இமிச். முகம் கண்டுபிடிப்பது, "கடற்கரை" என்று தேடினால் கடற்கரைப் படங்களைக் காட்டுவது எல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கும். வேகமாக மாறிக்கொண்டிருந்த மென்பொருள் இது, 2025 அக்டோபரில் வந்த 2.0-இல்தான் நிலையானது என்று அறிவித்தார்கள். டேக்அவுட் ஜிப்களை இமிச்-கோ என்ற கருவி வழியாக ஏற்றுங்கள். ஜேசன் கோப்புகளைப் படித்துத் தேதிகளையும் ஆல்பங்களையும் அது பொருத்திவிடும். படங்களை மட்டும் இழுத்துப் போட்டால், அரட்டைச் செயலிகளில் வந்த தேதியில்லாத படங்கள் எல்லாம் தப்பான வருடத்தில் போய் நிற்கும். ஏற்றிய பிறகு குறைந்தது சில மாதங்கள் கூகுளிலும் இமிச்சிலும் சேர்த்தே ஓடட்டும்.

சர்வர் நடத்தும் எண்ணமே இல்லை, ஆனால் போட்டோ மட்டும் வெளியே வர வேண்டும் என்றால் என்டே இருக்கிறது. முழு என்கிரிப்ஷன், ஆப், சர்வர் இரண்டின் மூலநிரலும் திறந்தவை, பணம் கட்டினால் அவர்களே நடத்துவார்கள்.

கோப்புகளுக்கு உடனே நெக்ஸ்ட்கிளவுடுக்கு ஓடாதீர்கள். 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வளர்ந்த அது எல்லாமும் செய்யும், அதனாலேயே கனமும் அதிகம், பெரிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும், தாவ முடியாது. இரண்டு மூன்று சாதனங்களுக்கு இடையில் கோப்புறை ஒத்திசைய சிங்திங் போதும், காலண்டருக்கும் தொடர்பு எண்களுக்கும் ரேடிகேல் போதும். ஐபோன் அதனோடு நேரடியாகப் பேசும், ஆண்ட்ராய்டுக்கு டாவ்எக்ஸ்5 என்ற ஆப் வேண்டும். பகிர்ந்து திருத்தும் ஆவணங்கள், குடும்பத்தில் பலருக்குக் கணக்கு என்று தேவை வளர்ந்தால் அப்போது நெக்ஸ்ட்கிளவுட் வையுங்கள். இதெல்லாம் நிலைத்த பிறகு ஜெல்லிஃபின் (சொந்தத் திரைப்படம், பாட்டுகளுக்கு), வால்ட்வார்டன் என்று விரும்பியதைச் சேர்க்கலாம்.

ஒன்பதாவது படி: போன்

முதலில் ஆப்களை மாற்றுங்கள், கட்டற்ற ஆப்களின் களஞ்சியமான எஃப்-டிராய்டில் பெரும்பாலானவை கிடைக்கும். போனின் இயங்குதளத்தையே மாற்றுவது கடைசி. கிராஃபீன்ஓஎஸ் பிக்சல் போன்களுக்கானது, லினேஜ்ஓஎஸ் பல போன்களில் ஓடும், ஆனால் சில வங்கி ஆப்கள் இவற்றில் திறக்க மறுக்கும். உங்கள் வங்கி ஆப் எப்படி நடந்துகொள்கிறது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். அரட்டைக்கு சிக்னல் போதும். மேட்ரிக்ஸ் என்ற அரட்டை முறைக்குச் சொந்தமாக சர்வர் நடத்தலாம், ஆனால் உங்கள் சொந்தபந்தம் அங்கே வராது.

பத்தாவது படி: நீங்கள் இல்லாத நாள்

சொந்தமாக நடத்துகிறவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு டாக்கரும் தெரியாது, ரெஸ்டிக்கும் தெரியாது. குழந்தைகளின் படங்கள் மொத்தமும் அவர்களால் திறக்க முடியாத பெட்டியில் கிடக்கும். எனவே ஒரு வெளி டிஸ்கில், என்கிரிப்ஷன் எதுவும் இல்லாமல், வருடம் மாதம் என்று பெயரிட்ட சாதாரணக் கோப்புறைகளில் எல்லாப் படங்களும் இருக்கட்டும், எந்தக் கணினியில் சொருகினாலும் தெரிய வேண்டும். ஒரு உறையில் கையால் எழுதிய தாள் ஒன்று: மாஸ்டர் பாஸ்வேர்ட், டொமைன் எங்கே வாங்கியது, எப்போது புதுப்பிக்க வேண்டும், மெயில் எந்த நிறுவனத்தில், சர்வரை அணைத்துவிட்டால் என்னென்ன நிற்கும், உதவி கேட்க யாரைக் கூப்பிடலாம். அந்த டிஸ்க் எங்கே, உறை எங்கே என்பது உங்களைத் தவிர ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கணக்கை என்ன செய்வது

அழிக்காதீர்கள். படங்களையும் கோப்புகளையும் காலி செய்யுங்கள், ஃபார்வர்ட் இருக்கட்டும், முகவரியை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். இருபது வருடமாகக் கொடுத்து வந்த முகவரி எந்தெந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. பயன்படுத்தாத பழைய பெயர்களை 2013-இல் யாஹூ வேறு ஆட்களுக்குக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. கூகுளில் இரண்டு வருடம் நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வர உங்கள் புதிய காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள், டொமைன் புதுப்பிக்கும் தேதிக்குப் பக்கத்திலேயே.